ராகு காலத்தில் மட்டும் ஓய்வு

லோயர் கேம்பில் நான் கட்டிய விடுதிக்கு இணையத்தில் விளம்பரம் கொடுக்க, பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடியறையில் விளம்பரக்காரர் ஒருவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு செல்போன். எந்த விளம்பரம் எப்போது வரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைப்பது அவர் தொழில். குறித்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும். ஆனாலும் அவரால் உட்கார முடியாது. வாசல்வரை போவார், திரும்பி வந்து விளம்பரம் ஓடுகிறதா என்று பார்ப்பார். விளம்பரத்தை ஒருமுறை அழுத்தினாலே அதற்கும் வாடிக்கையாளர் காசு போய்விடுமென்று, பார்க்கும்போது வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார்.

“ராகு காலத்துல மட்டும் நிப்பாட்டிருங்க தம்பி” என்றேன்.

“எல்லாரும் அதத்தாண்ணே சொல்றாக. எனக்கு ஓய்வே அப்பத்தான். வீடு பாத்தது, வண்டி வாங்குனது, பொண்ணு பாத்தது எல்லாமே ராகு காலத்துலதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பொண்ணு வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?”

“பெரியவுக மொறச்சாக. அந்தப் பிள்ளதான், ‘நான் தேனியில நகைக்கடையில வேல பாக்குறேன், எனக்கும் அப்பத்தான் கூட்டம் இருக்காது’ன்னு சொல்லிருச்சு.”

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பதற்குள் செல்போன் அடித்தது. யாருடைய விளம்பரமோ நின்றுவிட்டது போல, திரைக்குப் பாய்ந்தார். அப்புறம் கேட்க வாய்க்கவில்லை.

இப்போதும் ராகு காலத்தில் தேனிக் கடைத்தெருவில் நடந்தால், அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறாரா என்று நகைக்கடைகளுக்குள் எட்டிப் பார்க்கிறேன்.