நிதாய் சாமந்தா கடத்தப்பட்டார்

"தங்கச்சிக்கு இடம் அமைஞ்சுதாடா?" என்று கேட்பார் நிதாய் சாமந்தா. கார்னர் பந்து அந்தரத்தில் வந்துகொண்டிருக்கும். கேள்வி, அவர் தடுக்க வேண்டிய எதிரணிக்காரனிடம். அவன் "இன்னும்..." என்று வாய் திறப்பான். அதற்குள் நிதாயின் பூட்ஸ் அவன் பெருவிரல்மேல் ஏறியிருக்கும். பந்து நிதாயின் தலையில் பட்டு வெளியே போயிருக்கும். ஆட்டம் முடிந்ததும் தேடிப்போய் மிச்சப் பதிலைக் கேட்டுக்கொள்வார். அந்த அக்கறையில் பொய் கிடையாது.

கல்கத்தா கால்பந்து மைதானத்தில் பதினான்கு வருடம், ஒன்பது கிளப், எல்லாவற்றிலும் பின்களம். வயது முப்பத்திரண்டு என்பார். முப்பத்திரண்டு ஆகி நான்கு வருடமாகிறது. அடித்த கோல் இரண்டு, அதில் ஒன்று சொந்த வலையில். "வலைக்குள்ள போச்சா இல்லியா?" என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார். ஆட்டத்துக்கு முன் கிளப் கூடாரத்துக் கேன்டீனில் இரண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் ஸ்ட்யூ. அதிலுள்ள உருளைக்கிழங்கு கோல்கீப்பருக்குப் போய்விடும், முழங்காலுக்கு ஆகாதாம். இடது முழங்கால் மழைக்கு முந்தின நாளே வீங்கும். களத்துக்குத் தண்ணீர் விடலாமா என்று கிளப் தோட்டக்காரர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

பெயர் பெற்ற ஆட்டக்காரர்களைக் கிளப்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கடத்துவார்கள். ஆட்கள் கிளப் மாறும் பதினைந்து நாளில் இன்னொருவன் கொத்திக்கொண்டு போகாமலிருக்க, கையெழுத்தாகும்வரை எங்காவது ஒரு வீட்டில் அடைத்து ஆட்டுக்கறி போடுவார்கள். நிதாயை யாரும் கடத்தியதில்லை. வருடா வருடம் அவரே டிராமில் போய்க் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருடம் அதற்கும் அழைப்பில்லை. கிளப் செயலாளர் நந்தி பாபு, "பார்க்கலாம் நிதாய்" என்றார். ஹௌராவிலிருந்து இருபது வயது ஆள் ஒருவன் வருகிறான் என்று அதற்குப் பொருள். நிதாய்க்கு வேறு பிழைப்பு தெரியாது.

ஆகவே தன்னைத் தானே கடத்திக்கொண்டார். கல்கத்தாவுக்கு வெளியே ரிஷ்ராவில், சணல் ஆலையில் வேலை பார்க்கும் மைத்துனன் சிபுவின் வீடு. கிளம்பும்போது மனைவி மினதிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"டாக்சில நாலு பேரு வந்தாங்க, அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எந்த கிளப்னு தெரியாது. இடத்தை மட்டும் உயிரே போனாலும் சொல்லாதே."

"நாலு பேரா? உங்களுக்கு ரெண்டு பேருன்னாலே நம்பமாட்டாங்க."

நான்காம் நாள் மினதி துவைத்த பனியன்களோடு ரிஷ்ராவுக்கு வந்தாள்.

"யாராவது கேட்டாங்களா?"

"பால்காரர் கேட்டாரு."

"என்னன்னு?"

"நீங்க இல்லியே, பாலைக் குறைக்கட்டுமான்னு."

கையெழுத்துக் கெடு முடிய இன்னும் இரண்டே நாள். அன்று நிதாய்க்கு மீன்குழம்பு இறங்கவில்லை.

திரும்பிப் போன மினதி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தெருமுனை டீக்கடைக்கு எதிரில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் கௌர் விசாரித்தார்; டாக்சிக் கதையைச் சொன்னாள். பிறகு கௌர் மூன்று பேரிடம் மூன்று கிளப்பின் பெயரைச் சொன்னார். மறுநாள் காலையில் செய்தி கேன்டீன் வழியாக நந்தி பாபுவின் காதில் விழுந்தது. தான் வேண்டாமென்று ஒதுக்கியதை இன்னொருவன் எடுத்துப்போவதை அவரால் தாங்க முடியாது. மினதியிடம் ஓடினார். அவள் முதல் கேள்விக்கே, ஸ்டேஷனிலிருந்து எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டாள்.

தடித்த ஆட்கள் இருவரோடு நந்தி பாபு கதவைத் தள்ளியபோது, நிதாய் லுங்கியில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த கிளப்டா உன்னை வெச்சிருக்கு?"

"வாக்குக் குடுத்துட்டேன் நந்தி பாபு. சொல்லக் கூடாது."

"காவலுக்கு ஒருத்தனையும் காணோமே."

"சிபு இருந்தான். மீன் வாங்கப் போயிருக்கான்."

நந்தி பாபு முருங்கைக்காயையும் நிதாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் டாக்சியில் வந்தாயிற்று; கூட வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"தூக்குங்கடா," என்றார்.

பின்சீட்டில் இரண்டு ஆட்களுக்கு நடுவே நிதாயை இருத்தினார்கள். "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கையெழுத்து. அதுவரைக்கும் ஒருத்தன் கண்ணுலயும் படக் கூடாது. குனிஞ்சுக்கோ," என்றார் முன்சீட்டிலிருந்து நந்தி பாபு. நிதாய் குனிந்தார். வண்டி ரிஷ்ரா கடைத்தெருவுக்குள் நுழைந்ததும், பக்கத்து ஆளின் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, கண்ணாடியை மெல்ல இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.