கப்பின் அடியில் மந்திரி

சென்ற மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு உறை மாட்ட வேண்டுமாம். "செராமிக்ல போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். விருத்தாசலத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஜாடி, கப்பு, பொம்மை, கரண்டு கம்பத்துப் பீங்கான் என்று எல்லாம் செய்த ஊர். பல் ஒன்றுதான் பாக்கி இருந்தது. "போடுங்க டாக்டர், எங்க ஊரு சரக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பல் டாக்டர்கள் சிரிப்பதில்லை, அவர்களுக்குப் பல்லின் விலை தெரியும்.

வெளியே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. ஓட்டு எண்ணும் நாள். முன்னிலை, பின்னடைவு, மறுபடியும் முன்னிலை. டாக்டர் ராவத் தொடங்கியதும் பல்லிலிருந்து தூள் பறந்தது. காய்ந்த மண் கப்பை உப்புத்தாளால் தேய்த்தால் ஒரு வாசனை வரும், வறண்ட, கொஞ்சம் தொண்டையைப் பிடிக்கிற வாசனை. அதேதான். நான் வாயைத் திறந்தபடியே அறுபத்தேழாம் வருஷத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சவரிமுத்து முதலாளியின் கொட்டகை அது. முதலாளி என்றதும் காரையும் மோதிரத்தையும் நினைத்துவிடாதீர்கள். கதர்ச் சட்டை இரண்டு, சைக்கிள் ஒன்று, என்னையும் சேர்த்து வேலையாட்கள் ஏழு பேர். நான் எழுத்துக்காரன். பீங்கானில் நீல மையால் பெயர் எழுதுவது என் வேலை. வயது இருபத்திரண்டு, உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லாத வயது. இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

கொட்டகை வாடகை இடம். இடத்துக்காரர் சித்திரைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சர்க்காரின் பீங்கான் பேட்டையில் ஒரு ஷெட் கிடைத்தால் பிழைப்போம், இல்லையென்றால் ஏழு பேரும் மணிமுத்தாற்று மணலை எண்ண வேண்டியதுதான். தேர்தலுக்கு முன்னால் ஊருக்கு வந்த மெட்ராஸ் மந்திரி ஒருவர், முதலாளியின் தோளில் கை போட்டு, "ஜெயிச்சு வந்ததும் மொதக் கையெழுத்து உங்க ஷெட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தோளில் இரண்டு நாள் தண்ணீர் படாமல் முதலாளி குளித்தார் என்று நாங்கள் கிளப்பிவிட்டோம்.

ஷெட் திறக்க மந்திரி வரும்போது எல்லோருக்கும் டீ கொடுக்க முந்நூறு கப்பு செய்வதென்று முடிவாயிற்று. அதில் ஒரு யோசனை என்னுடையது. கப்பின் உள்ளே, அடியில், மந்திரி பெயரை எழுதி மேலே 'மீண்டும் மந்திரி' என்று போடுவது. டீ குறையக் குறைய எழுத்து தெரியும். கடைசி மடக்கில் தரிசனம். இந்த யோசனைக்காக என்னை நானே மூன்று நாள் பாராட்டிக்கொண்டேன்.

முதலாளிக்கு மட்டும் லேசாக இடித்தது. "ரிசல்ட்டு வரட்டுமேடா. சுட்டுட்டா அழிக்க முடியாது."

ஒருமுறை சுட்ட கப்பில் எழுதி, அதன்மேல் பளபளப்புப் பூசி மறுபடி சுட்டால், எழுத்து கண்ணாடிக்குள் போய்விடும். பிறகு கப்பை உடைக்கலாம், எழுத்தை எடுக்க முடியாது. ஆனால் சூளையோ பல பேருக்குப் பொது. எங்கள் முறை ஓட்டு எண்ணுவதற்கு நாலு நாள் முன்னால் வந்தது. விட்டால் இன்னொரு மாதம்.

"மொதலாளி, அவுங்களாவது தோக்கறதாவது? தோத்தாங்கன்னா நான் மீசைய எடுத்துடறேன்" என்றேன்.

"எந்த மீசைய?" என்று கேட்டுவிட்டுச் சூளைக்கு அனுப்பிவிட்டார்.

ரிசல்ட் நாளன்று கடைவீதியில் ஹமீது பாயின் இரும்புக் கடை ரேடியோ முன்னால் ஊரே நின்றது. ஹமீது பாய் எதிர்க்கட்சியின் டவுன் செயலாளர். எங்கள் மந்திரி தோற்றார். சரி, ஒருவர்தானே என்று நின்றோம். அடுத்த மந்திரியும் தோற்றார். அதற்கடுத்து, பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கிற பெரிய பெரிய தலைகளெல்லாம் சாய்ந்தன. டெல்லியில் அதே கட்சிதான், அதுவும் இளைத்துப் போய். மெட்ராசில் கட்சியே மாறிவிட்டது. கொண்டாட்டம் வெடிக்கும் என்று நினைப்பீர்கள். ஜெயித்தவர்களே பேயறைந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ஹமீது பாய் ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "டேய், இது ஒழுங்காப் பாடுதா?" என்று கடைப் பையனைக் கேட்டார். வேப்பூரிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், "அங்கயும் இதத்தாங்க சொல்றாங்க" என்ற பிறகுதான் முதல் வெடி வெடித்தது.

முதலாளிக்கு யாரோ மிட்டாய் நீட்டினார்கள். "தவக்காலம், தொடமாட்டேன்" என்றார். அந்த வருஷம் தவக்காலம் அவருக்குச் சரியான நேரத்தில் வந்தது. கொட்டகைக்குத் திரும்பி, ஈர மண்ணை எடுத்து வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் சூளையிலிருந்து கூடைகள் வந்தன. வைக்கோலுக்குள் முந்நூறு கப்பு. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. அதுவரை எங்கள் சரக்கு அவ்வளவு சுத்தமாக வெந்ததே கிடையாது.

கூடைகளைப் பின்பக்கம் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினோம். இனி ஷெட்டு ஹமீது பாயின் ஒரு வார்த்தையில் இருந்தது.

மூன்றாம் நாள் அவரே வந்தார். நன்றி சொல்ல, தெருத்தெருவாக, மாலையும் ஆளுமாகப் பன்னிரண்டு பேர். நான் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மனைவி லூர்தம்மா மங்களூரில் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். கப்புக் கதை அவருக்குத் தெரியாது. வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும், பின்பக்கம் பார்த்தால் புதுக் கப்பு குவிந்திருக்கிறது. மேல்தூசியைத் தட்டி, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஊற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

நான் பார்க்கும்போது பன்னிரண்டு கைகளிலும் கப்பு. முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

ஓடிப்போய்க் கெட்டிலைப் பிடுங்கினேன். யார் கப்பாவது பாதி குறைந்தால் உடனே ஊற்றினேன்.

"போதும் தம்பி."

"இருக்கட்டுங்க, ஜெயிச்சவங்க குடிக்கணும்."

"யோவ், என்னய்யா இவன், நாம என்ன ஒட்டகமா?"

"இன்னும் ஒரு வாய்ங்க."

லூர்தம்மா வேறு, "புள்ள எவ்ளோ மரியாதையா இருக்குது பாரு" என்று மெச்சினார். பன்னிரண்டு வாய்க்கும் ஒரு கெட்டிலுக்கும் நடந்த போட்டியில் கெட்டில் தோற்றது.

ஹமீது பாய் கடைசி மடக்கைக் குடித்தார். கப்பை இறக்கியவர் அப்படியே நின்றார். உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தார்.

"மீண்டும் மந்திரி..." என்று சத்தமாகப் படித்தார். பெயரையும் படித்தார். மற்ற பதினோரு பேரும் அவசரமாகக் குடித்துவிட்டுத் தங்கள் கப்புக்குள் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே மந்திரி.

"என்னா நக்கலா? தேடி வந்தவங்கள அவமானம் பண்றீங்களா?" என்று ஒருவர் எழுந்தார்.

முதலாளி முன்னால் வந்து கையைக் கூப்பினார். எழுதியது இவன்தான் என்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "பாய், நான் அவுங்க ஆளுதான். இன்னிக்கும் அவுங்க ஆளுதான். ஜெயிப்பாங்கன்னு நம்பி நாந்தான் எழுதச் சொன்னேன். ஒளிச்சுதான் வச்சிருந்தேன். இவ தெரியாம எடுத்துட்டா."

ஹமீது பாய் நகத்தால் எழுத்தைச் சுரண்டிப் பார்த்தார். "தேச்சா போவுமா?"

"போவாது பாய். சுட்டாச்சு."

ஷெட்டு போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் ஜிப்பா பையில் கைவிட்டு, மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். "படி சவரி."

'தோல்வியிலும் துணை நின்ற வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே ஹமீது பாயின் பெயர்.

"ரிசல்ட்டுக்கு முந்தியே ஆயிரம் அடிச்சு வச்சிட்டேன். கடையில ஆணி மடிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன்" என்றார். "நீ ஜெயிப்பேன்னு நம்பின, நான் தோப்பேன்னு நம்பினேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மண்ணு தின்னோம்." எழுந்து நின்ற ஆளைப் பார்த்து, "ஒக்காருய்யா, நோட்டீசுக்குப் புரூப் பாத்ததே நீதான" என்றார். அவர் உட்கார்ந்தார். முதலாளி சிரிக்கப் போய் அழுதுவிட்டார். பீங்கான் பேட்டைக்குச் சிபாரிசுக் கடிதத்தை ஹமீது பாய் அந்த நோட்டீசின் பின்பக்கத்திலேயே எழுதினார். நான் வாயில் பேனா மூடியை வைத்துக்கொண்டு நின்றேன், அவருடைய மூடி அது.

ஷெட்டு கிடைத்தது. முந்நூறு கப்பையும் உடைக்க மனமில்லாமல் முதலாளி வேப்பூர் ரோட்டோர ஓட்டல்களுக்குத் தள்ளிவிட்டார். லாரிக்காரர்கள் பல வருஷம் அதில் டீ குடித்தார்கள். நாற்காலியில் இருந்ததைவிட அதிக நாள் அந்த மந்திரி கப்புகளில் இருந்தார்.

எழுபத்தாறில் ஹமீது பாய் கட்சியின் ஆட்சியை டெல்லி கலைத்தது. நெருக்கடிக் காலம். யாரை எப்போது பிடிப்பார்களோ என்ற பயத்தில், இரும்புக் கடைப் பக்கம் ஆளே எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி டெல்லிக் கட்சிக்காரர். தினமும் காலையில் கதர்ச் சட்டையோடு, பஜார் பார்க்க, அந்தக் கடைக்குப் போய் ஒரே ஒரு ஆணி வாங்குவார்.

"தினம் ஒண்ணு வாங்கி வூட்ல என்னாத்த மாட்டப் போற?" என்பார் பாய்.

"ஒங் கட்சியத்தான்."

"சுவுரு தாங்காது சவரி. மொதல்ல ஒக்காரு."

மதியம்வரை உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கடைக்குத் திரும்பி வந்தார்கள். ஓட்டு மட்டும் கடைசிவரை இருவரும் எதிரெதிராகத்தான் போட்டார்கள்.

இருவரும் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. இந்த முறை ரிசல்ட் வந்த மறுநாள், குடும்ப வாட்ஸப் குழுவில் தோற்ற கட்சியைப் பற்றி நான் ஒரு ஜோக் போட்டேன். நல்ல ஜோக்தான், மூன்று பேர் சிரித்திருந்தார்கள். என் அண்ணன் மகன் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டான். நான் தூக்கிக் குளிப்பாட்டிய பிள்ளை. அவன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. சவரிமுத்து முதலாளியாக இருந்தால் மறுநாள் காலையே சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றிருப்பார்.

நான் இன்னும் போகவில்லை.