சாவியின் தலையில் 786

நான் எழுதும் புரோகிராமில் தப்பு வராது என்று அந்த நாட்களில் எல்லோரிடமும் சொல்லித் திரிவேன். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறை, இரண்டு கம்ப்யூட்டர், நான் ஒருத்தி. அந்தக் கர்வம் இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் தம்பி துபாயில் இருந்தார். கடிதமெல்லாம் ஜங்ஷனில் ஒரு மின்னஞ்சல் நிலையத்துக்குத்தான் வரும். அங்கே அச்செடுத்து மேசைமேல் வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வீட்டுப் போனை எடுத்தாலோ கூடம் முழுக்கக் காது. போன வருடம் அவர் மகளை வேண்டாம் என்று ஒரு துபாய் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன செய்தி, வீட்டுக்கு வருமுன் தெருவுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் அதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் கேட்டாளாம்.

"இப்ப துபாய்லயே வேற எடம் பாத்திருக்கோம். இந்தத் தடவ பதில மொதல்ல எம்மவதான் கேக்கணும். அதுக்கு ஒரு பூட்டு செஞ்சு தாங்கம்மா."

செய்து கொடுத்தேன். இரண்டு சாவி. பூட்டும் சாவியைத் துபாய்க்கு அனுப்பினோம். அதை யார் பார்த்தாலும் பாதகமில்லை. திறக்கும் சாவி நீளமான ஓர் எண், அவருக்கு மட்டும். பிளாப்பியில் ஒன்று, கைப்பட எழுதிய தாளில் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். தட்டுகிற சாவி சரியா என்று பார்க்கவும் வழி வைத்திருந்தேன். எல்லாம் இலக்கமா, நீளம் போதுமா, அவ்வளவுதான்.

பதில் வந்த அன்று அதைத் திறக்க என் அறைக்கே வந்தார். சாவி இருந்த பிளாப்பி காலை வாரிவிட்டது. அவர் தாளைப் பார்த்து எண்ணைத் தட்டினார். அது என் கண்ணில் படாதபடி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். 'சாவி சரி' என்றது திரை. கடிதத்தைத் திறந்தால் வெறும் குப்பை.

"என்னம்மா இது, ஒண்ணுமே வெளங்கலையே. எம்மவ அங்கன வாசலையே பாத்துட்டு நிக்கா."

தம்பிதான் தப்பாகப் பூட்டியிருப்பார் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் எனக்கு எழுதித் தந்த விலாசச் சீட்டு ஞாபகம் வந்தது. அதன் தலையில், பிஸ்மில்லாவுக்குப் பதிலாகப் போடும் 786 இருந்தது.

"அண்ணாச்சி, அந்தத் தாளுக்கு மேல 786 போட்டிருக்கியளா?"

"போடாமலா? என்ன எழுதினாலும் அதானே தொடக்கம்."

"அதையும் சேத்துத் தட்டினியளா?"

"தாள்ல இருக்கத அப்படியே தட்டணும்னு நீங்கதான சொன்னிய!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் பிள்ளையார் சுழி போடாமல் ஒரு தாளில் எழுதியவளில்லை. ஆனால் சுழி எண் அல்ல, அதை யாரும் தட்டமாட்டார்கள். அதனால் இப்படி ஒன்று நடக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இலக்கமா என்று கேட்டேனே தவிர, அந்தப் பூட்டுக்குரிய சாவிதானா என்று என் புரோகிராம் கேட்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

அவரை உட்காரவைத்துவிட்டு மாற்றி எழுதினேன். ஒரு சொல்லைப் பூட்டும் சாவியால் பூட்டி, தட்டிய சாவியால் திறந்து பார்க்க வேண்டும்; அதே சொல் திரும்பி வந்தால் மட்டும் 'சரி'. முதலில் 786ஓடு தட்டச் சொன்னேன். 'தப்பு' என்றது. அதை விட்டுவிட்டுத் தட்டினார். 'சரி' என்றது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை; என் கர்வமும் பாதி திரும்பிவிட்டது.

கடிதம் திறந்தது. அவர் வாசித்தார், மறுபடி வாசித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை அணைத்தார்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, சரின்னுட்டாங்களா?"

"மொதல்ல எம்மவ கேக்கட்டும்மா" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் படியிறங்கினார்.