தறிகள் நின்றபோது

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம், புதுச்சேரியில் மில் தொழிலாளர்களுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலக் கதைப் புத்தகத்திலிருந்து ஒரு வரி கொடுப்பேன். அதன் பொருளை அவர்கள் தங்கள் சொற்களில், எளிய ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

அன்று கொடுத்த வரி, ‘தறிகள் மௌனமாயின’ என்பது. எல்லோரும் ‘மெஷின் நின்றது’ என்று எழுதினார்கள். தறி ஓட்டும் முருகேசன் மட்டும் ‘மனிதர்கள் பேசுவது கேட்டது’ என்று எழுதியிருந்தார். வரியில் இல்லாததை எழுதுகிறாரே என்ற எரிச்சலில் சிவப்பு மையால் அடித்தேன்.

“ஒரு தபா மில்லுக்கு வந்து பாருங்க சார்” என்றார், கோபமில்லாமல்.

போனேன். உள்ளே என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லோரும் கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றன. எங்கோ ஒருவர் இருமினார். இன்னொருவர் பக்கத்துத் தறிக்காரரிடம், “பொண்ணுக்கு ராவெல்லாம் ஜுரம்பா” என்றார். காலையிலிருந்து அதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறார். பலமுறை படித்த அந்த வரியை அன்றுதான் காதால் கேட்டேன்.

முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “நான் எழுதுனது தப்பா சார்?”

“தப்பு என்னோடதுங்க” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கடைசித் தறியில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.