சூசை மாஸ்டரின் சைக்கிள் வழக்கு

டேனிஷ் நகரமான எஸ்பியர்க்கில் சூசை மாஸ்டர் காலமான செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் ஜெயம். "பிழை விட்ட மனுசன்தான், எண்டாலும் நல்லவர்" என்றார். இரங்கல் கூட்டத்திலும் அதையே சொன்னார். சங்கத்து உறுப்பினர்களே, நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தப் பிழை என்னவென்று எழுதிவிடுகிறேன்.

ஊரிலிருந்து மனைவி பிள்ளைகளை அழைக்க நாம் போட்ட விண்ணப்பங்கள் முடங்கிக் கிடந்த காலம் அது. ஹேர்னிங்கில் மாஸ்டர், ஜெயம், நான் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். வேலியோரம் கிடந்த சைக்கிளொன்றை, யாரோ எறிந்தது என்று நினைத்து ஜெயம் எடுத்துவந்து, செயின் மாற்றித் தொழிற்சாலைக்கு ஓட்டிப் போய்வந்தார். கிடந்த பொருளை வைத்துக்கொள்வதும் இங்கே குற்றம் என்பது எங்களுக்குத் தெரியாது. பொலிஸ் வந்ததும் ஜெயம் அழத் தொடங்கிவிட்டார். வழக்கு விழுந்தால் மனைவியின் விண்ணப்பம் என்னாகுமோ என்ற பயம். மாஸ்டர் தனிக்கட்டை. சைக்கிளை எடுத்தது தான்தான் என்று பொலிசிடம் சொல்லிவிட்டார்.

அபராதம் விதித்தார்கள். குற்றப் பதிவுச் சான்றிதழில் அது இரண்டு வருடம் நிற்குமாம். முதியோர் இல்லத்தில் கிடைக்கவிருந்த வேலை போனது. மாஸ்டர் எஸ்பியர்க்கில் மீன் வெட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்த இரண்டு வருடத் தவணை முடிந்து சான்றிதழ் சுத்தமாக வந்ததும் அதே இல்லம் அவரை வேலைக்கு எடுத்தது. டேனிஷ்காரர்கள் தங்கள் தாய் தகப்பனை நம்பி அவர் கையில் விட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் நம் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கக் கேட்டார். மன்னாரில் ஆசிரியராக இருந்தவருக்கு வேறென்ன ஆசை இருக்கும்? சான்றிதழை நிர்வாகக் குழுவின் மேசையில் வைத்தார். ஒருவரும் அதைத் தொடவில்லை.

"களவு வழக்கு உள்ளவரிட்டைப் பிள்ளையளை விடேலுமே?"

கேட்டவர் ஜெயம். அதற்குள் அவருடைய மனைவியும் மகளும் வந்து சேர்ந்திருந்தார்கள். மகள் பக்கத்திலேயே நின்றாள். நான் எழுந்தேன். மாஸ்டர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"அந்தப் பிள்ளைக்கு முன்னாலை தகப்பன்ர மானத்தை வாங்காதை. நான் இருக்குமட்டும் நீ இதைக் கதைக்கப்படாது" என்றார். காரில் ஏறியபிறகு, "அரசாங்கத்திட்ட தண்டனைக்கு ஒரு தவணை இருக்கு, எங்கட சனத்திட்ட அது இல்லை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகும் பலமுறை பள்ளியில் இடம் கேட்டுப் பார்த்தார். பல்லிளித்தே அனுப்பிவைத்தீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் பள்ளியின் ஒரு வகுப்பறைக்கு மாஸ்டரின் பெயரை வைக்கலாம் என்று ஜெயம் முன்மொழிந்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். கை தட்டினீர்கள்.

மாஸ்டர் கடைசிவரை ஒருவரையும் இகழ்ந்ததில்லை. உங்களை இகழும் வேலையை அவர் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்குத் தவணை கிடையாது.