வெள்ளிக்கிழமை விருந்துக்குச் சோயா ஆட்டுக்கறி

புதன்கிழமை காலை. பினாங்கு விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுன் பதினெட்டு கிலோமீட்டர். செயலியில் அழைத்த காருக்கு முப்பத்திரண்டு வெள்ளி ஆனது. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுநர் சிவாவுக்கு முப்பது வயது இருக்கும். சேலத்திலிருந்து வருகிறேன், மசாலாப் பொடி தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை, இந்தத் தீவில் எங்கள் பொடியை யார் வாங்குவார்கள் என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றேன்.

"தமிழ் ஆளுங்கதான்னு நெனச்சீங்களாக்கா? எங்க வீட்டுல தங்கச்சிங்க ரெண்டு பேரும் கொரியன் மீதான் சாப்பிடுறாளுங்க. கருவேப்பிலைச் செடி எங்க பக்கத்து வீட்டு சீனக் கிழவி வீட்டுலதான் இருக்கு. அம்மா அங்க போய்த்தான் கேட்டு வாங்கிட்டு வருவாங்க லா!"

மீ என்றால் நூடுல்ஸ்; 'லா' இங்குள்ளவர்கள் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்ளும் அசை. அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று மாலை லிட்டில் இந்தியாவில் நடந்தேன். ஜவுளிக் கடையில் மூன்று மலாய்ப் பெண்கள் சுடிதார் துணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு முன்னால் நின்ற வரிசையில் பாதிப் பேர் சீனர்கள். சோற்றின் மேல் நாலு விதக் குழம்பை ஒன்றாக ஊற்றச் சொல்லி வாங்கிப் போனார்கள். சேலத்தில் இருந்தபோது 'மலேசியத் தமிழர் சந்தை' என்று தலைப்பிட்டு ஒரு தாள் தயாரித்திருந்தேன். இரவு அறைக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு வரிகூட உருப்படியாகத் தோன்றவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஜெலுத்தோங் பசார், அதாவது சந்தை. லிட்டில் இந்தியாவிலிருந்து பேருந்தில் ஒரு வெள்ளி நாற்பது காசு. மீனும் கோழியும் விற்கும் வரிசைகளைத் தாண்டினால் மகேஸ்வரி அக்காவின் மசாலாக் கடை. தட்டுகளில் அரைத்த விழுது மஞ்சளும் சிவப்புமாகக் குவிந்திருக்கிறது. என்ன கறி, எத்தனை பேருக்கு என்று சொன்னால் போதும். கரண்டியால் வழித்துக் கலந்து பொட்டலம் கட்டித் தருவார். நாலு வெள்ளியிலிருந்து ஆரம்பம். எங்கள் பொடியைக் காட்டினேன். முகர்ந்து பார்த்து, "வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க எல்லாரும் ஈர மசாலாதான் கேப்பாங்க," என்றார்.

அப்போது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன அம்மாள் வந்தார். இருவரும் மலாயில் பேசினார்கள். மீன் கறி மசாலா, எட்டுப் பேருக்கு. சீன அம்மாளின் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"லிம் ஆண்ட்டி மவன் நம்ம பொண்ணைத்தான் கட்டிக்கப் போறான். கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாம் பொண்ணு, யாழ்ப்பாண வம்சம். நாளைக்குப் பொண்ணோட அம்மாவும் அப்பாவும் மொத தடவையா இவங்க வீட்டுக்கு வர்றாங்க."

கரண்டியை எடுத்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஐயோ, நாளைக்கு வெள்ளிக்கிழமை லா!"

வெள்ளியன்று அந்தக் குடும்பம் சைவமாக இருக்கும் என்று மலாயில் விளக்கினார். லிம் ஆண்ட்டியின் முகம் வாடிவிட்டது. மகன் இதைச் சொல்லவே இல்லையாம். பெண்ணின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் முழுச் சம்மதம் இல்லையென்றும், நாளைய விருந்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்.

லிம் ஆண்ட்டியே ஒரு வழி சொன்னார். அவர் பௌத்தர், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம். சீனர்கள் இறைச்சி போலவே செய்யும் சோயா ஆட்டுக்கறி வீட்டில் எப்போதும் இருக்கும். அதையே இந்தியக் குழம்பாக வைத்தால்? மகேஸ்வரி அக்கா கறி மசாலாவைக் கலந்து கொடுத்தார். நான் பிறவிச் சைவம் என்று தெரிந்ததும் ஆண்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, ருசி பார்க்க நாளை வந்தே ஆகவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். குழம்பைச் சுவைத்து உப்பு போதாது என்றேன். மற்றபடி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண்ணின் பெற்றோர் ஏழு மணிக்குப் பாலத்தைக் கடந்து காரில் வந்தார்கள். தாயார் பெயர் கமலா; பள்ளியில் கணக்கு ஆசிரியை. பழங்களை நீட்டினார், அளவாகச் சிரித்தார். மணப்பெண் ஷாலினி சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குழம்புக் கிண்ணம் மேசைக்கு வந்ததும் கமலாவின் முகம் இறுகியது. கணவரிடம் தாழ்ந்த குரலில், "வெள்ளிக்கிழமைன்னு தெரிஞ்சே ஆட்டுக்கறி வெச்சிருக்காங்க பாருங்க," என்றார்.

ஆண்ட்டி என்னையும் விருந்துக்கு இருக்கச் சொல்லி அவர் அருகில்தான் உட்காரவைத்திருந்தார். "அம்மா, அது கறி இல்லை. சோயா. நானும் சைவம்தான், சாப்பிட்டுப் பார்த்துட்டேன்," என்றேன்.

அவர் நம்பவில்லை. துண்டின் நார் அப்படியே இறைச்சியைப் போல இருந்தது. நாங்கள் பேசிய தமிழ் புரியாவிட்டாலும் முகம் புரிந்துவிட்டது லிம் ஆண்ட்டிக்கு. எழுந்து போய்க் குளிர்பெட்டியிலிருந்து பிரிக்காத இன்னொரு பாக்கெட்டைக் கொண்டுவந்து கமலாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கமலா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுவா! தைப்பூச விரதத்துக்கு நானும் இதைத்தானே வாங்குறேன்!"

ஷாலினிதான் முதலில் சிரித்தாள். கமலா ஒரு துண்டை எடுத்து மென்றார். மறுபடி ஒன்று எடுத்தார். பிறகு மலாயில் லிம் ஆண்ட்டியிடம் எதையோ கேட்டார். ஷாலினி எனக்குச் சொன்னாள்: "அம்மா செஞ்சா ரப்பர் மாதிரி வரும். ஆண்ட்டிது எப்படி இவ்வளவு மெதுவா இருக்குன்னு கேக்குறாங்க." வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, எண்ணெயில் ஒரு வாட்டு வாட்ட வேண்டுமாம். இரண்டு தாய்மார்களும் சமையலறைக்கே போய்விட்டார்கள். ஷாலினியின் அப்பாவும் லிம் ஆண்ட்டியின் மகனும் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கோலாலம்பூருக்கு ரயில். ஃபெரிக்கு இரண்டு வெள்ளி, கால் மணி நேரத்துக்கும் குறைவான பயணம். மேல்தளத்தில் காற்று பலமாக வீசியது. எங்கள் ஊரில் இன்ன தெருவில் இன்னார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்ன சரக்கு விற்கும் என்று கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இங்கே தமிழரின் விரதச் சாப்பாடு சீனர்களிடமிருந்து வருகிறது. சீனரின் குழம்புக்குத் தமிழச்சி மசாலா கலக்கிறாள். மேலாளர் கேட்டால் லிம் ஆண்ட்டியின் அடுப்பை எந்தச் சமூகத்தின் கீழ் எழுதுவேன்?

கைபேசி ஒலித்தது. லிம் ஆண்ட்டி ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு எட்டுத் தட்டு சீர் கொண்டுபோக நினைத்தாராம். சீனர்களுக்கு இரட்டைப்படைதான் ராசி. தமிழர்கள் ஒற்றைப்படைதான் வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கமலாவையே கேட்டதற்கு, "நீங்க எட்டே கொண்டுவாங்க, எங்க பக்கத்துல ஒண்ணு சேத்து வெச்சுக்கிறோம்" என்றாராம். அது சரிவருமா என்று என்னிடம் கேட்டிருந்தார்.

தாராளமாகச் சரிவரும் என்று பதில் அனுப்பினேன்.