வசந்தகுமாரியை மென்மையானவர் என்று சொல்லாதீர்கள்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய ஆயா எல்லம்மா போன் செய்தார். “சிஸ்டர், குடுகர மேடம் போயிட்டாங்க. வைட்ஃபீல்ட்ல பையன் வீட்ல இருந்தாங்களே, வாக்கிங் போன எடத்துல நெஞ்சுவலியாம்.”

குடுகரு என்றால் கன்னடத்தில் குடிகாரர்கள். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் வசந்தகுமாரியைப் பாதிப் பேர் அப்படித்தான் அழைத்தார்கள், கேலியாக. அது அவருக்கும் தெரியும்.

பிரேசர் டவுனில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய மூவரும் அவரை மென்மையானவர், அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். அவரோடு பதினோரு வருடம் ஆண்கள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். மறுக்கிறேன். வசந்தா மேடம் பிடிவாதக்காரர். செத்தபிறகு அதை மழுப்ப வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வார்டில் மஞ்சள் காமாலை, கணைய வீக்கம், விழுந்து எலும்பு முறிந்தவர்கள் என்று பாதிக் கட்டில்கள் குடியால் நிரம்பியவை. நாங்கள் குளுக்கோஸ் ஏற்றுவோம். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘குடியை நிறுத்தவும்’ என்று எழுதி அனுப்புவோம். வசந்தா மேடம் அதை ஏற்கவில்லை. கைநடுக்கம் அடங்கிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கட்டில் பக்கத்தில் வந்து உட்காருவார். “உங்க குடியைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா? வேணாம்னா போயிடறேன்.” வேண்டாம் என்றால் நிஜமாகவே போய்விடுவார். மறுநாள் வந்து மறுபடி கேட்பார். பேசச் சம்மதித்தால் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான்.

சந்தாபுராவிலிருந்து வந்த முனியப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர். “குடியை விட எவ்வளவு மனசு இருக்கு? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?” என்று அவரிடம் மேடம் கேட்டார்.

“மூணு போடுங்க மேடம்.”

“ஏன் ஒண்ணு போடல?”

திட்டு விழும் என்று காத்திருந்த மனிதர் விழித்தார். “லாரி மேல ஏறினா கை ஒதறுது மேடம். நான் விழுந்துட்டா வீட்டை யாரு பாப்பாங்க?”

“பாருங்க, விடணும்னு நான் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க.”

அதே முனியப்பா மூன்றாம் முறையாக வயிறு வீங்கி வந்து படுத்தபோது, பெரிய டாக்டர் மாணவர்கள் முன்னால் கேட்டார்: “உங்க கவுன்சலிங்கோட ரிசல்ட் இதுதானா மேடம்? பெட் வேஸ்ட்.”

“சர்க்கரை நோயாளி மூணாவது தடவை வந்தா இன்சுலினை நிறுத்திடுவீங்களா சார்? முதல் தடவை பத்து நாள் தொடாம இருந்தார். போன தடவை அஞ்சு வாரம்.”

அடுத்த வாரமே சர்க்குலர் வந்தது: டாக்டர் அழைக்காமல் அவர் வார்டுக்குள் வரக்கூடாது. அன்று மாலை நான்கு மணிக்குப் பழக்கூடை, பிளாஸ்க்கோடு வந்த கூட்டத்தில் வசந்தா மேடமும் வந்தார். நான் பதறினேன். “விசிட்டர்ஸ் டைம்ல நானும் ஒரு விசிட்டர்தானே சிஸ்டர்?” என்றார். ஏழு மாதம் அப்படியே வந்தார். சர்க்குலரை யாரும் ரத்து செய்யவில்லை. அவரைத் தடுக்கும் தெம்புதான் நிர்வாகத்திடம் இல்லாமல் போய்விட்டது.

முனியப்பா பிழைக்கவில்லை. எல்லாரும் பிழைத்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். வசந்தா மேடமும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்ததை நான் இதுவரை வெளியே சொன்னதில்லை. என் கணவர் தேவராஜ், ஃபேக்டரியில் ஃபிட்டர், ரத்த வாந்தியோடு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தார். எல்லாரிடமும் அல்சர் என்றேன். வார்டு வாசலில் வசந்தா மேடத்தை மறித்தேன். “அவர் உங்க கேஸ் இல்ல மேடம். தயவுசெஞ்சு போகாதீங்க.”

“ஸ்டெல்லா, வேற எந்தப் பொண்டாட்டிகிட்டயும் நான் பர்மிஷன் கேட்டதில்ல. அவர்கிட்டதான் கேப்பேன்.”

கேட்டார். தேவராஜ் சரி என்றார். ஸ்கிரீனுக்குப் பின்னால் அவமானத்தில் வெந்துகொண்டு நின்றேன். அவர் தனக்கு இரண்டு மார்க் போட்டுக்கொண்டார்.

“ஏன் சைபர் இல்ல?”

மேடம் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை, காத்திருந்தார். பிறகு தேவராஜ், “நான் சாப்பிட உக்காந்தா என் பொண்ணு தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிடறா மேடம்” என்றார்.

நான் அழுதிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறேன். அவர் இதைக் கவனித்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து இருபத்தொரு நாள் குடிக்காமல் இருந்தார். இருபத்திரண்டாம் நாள் குடித்தார். ஆத்திரத்தோடு வசந்தா மேடத்தின் அறைக்குப் போனேன். “என்ன பிரயோஜனம்?”

“இருபத்தொரு நாள் எப்படி சமாளிச்சீங்கன்னு அவரைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகும் இரண்டு முறை குடியில் விழுந்தார்; இரண்டு முறையும் தானாகவே பஸ் ஏறி வசந்தா மேடத்திடம் போனார். தொட்டு ஒன்பது வருடமாகிறது. கல்லறைத் தோட்டத்தில் பெட்டிக்குத் தோள்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ‘பேசி என்ன ஆகப்போகிறது’ என்று சிரித்த ஆஸ்பத்திரிக்காரர்களே, நீங்களும் அங்கே நின்றிருந்தீர்கள். நன்றாகப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வசந்தா மேடத்திடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. நர்ஸுக்கு அது லேசில் வராது. மனைவிக்கு இன்னும் கஷ்டம். எனக்கு வந்துவிட்டது. விடுவதாக இல்லை.